குடில் கட்டையில் ஒரு பச்சை உடம்புக்காரி

அந்தக் கட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் கணவர். கொண்டுவரச் சொன்னவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் பாதி இதைப் பற்றித்தான்.

நாங்கள் அண்ணனூரில், ரயில் பணிமனைக்குப் பின்னால் உள்ள தெருவில், ஒரு சிறிய அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருக்கிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் பங்குக் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் போட்டி உண்டு. வீடு வீடாக வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எல்லாரும் தெர்மகோலில் மலை செய்து, பழுப்புச் சாயம் அடித்த தாளைக் கசக்கிக் குகையாக ஒட்டி, சீரியல் விளக்கு சுற்றுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். கடந்த டிசம்பரில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மகளுக்கு மூன்று வயது. எதையும் பிய்த்து வாயில் போட்டுப் பார்க்கிற வயது. தெர்மகோல் உருண்டை தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது?

"நிஜ மரக்கட்டை ஒண்ணு கிடைச்சா அதையே குகையா வச்சிடலாங்க. பெயின்ட் இல்ல, பசை இல்ல. குழந்தைக்குப் பாதுகாப்பு" என்றேன்.

பாதுகாப்பு என்ற அந்தச் சொல்லை என் கணவர் இன்றுவரை மறக்கவில்லை.

அவர் பூந்தமல்லி போகும் சாலையில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் கேட்டு, என் கை நீளத்தில் பாதி இருக்கும் ஒரு கட்டையை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளே பொந்து விழுந்த கட்டை. திருத்தணிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த மரமாம். பொந்து இருப்பதால் பலகைக்கு ஆகாது என்று ஓரமாகப் போட்டிருந்தார்களாம். நான் அதை மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்தேன். வெளிப்பக்கம் முழுக்க ஈரத்துணியால் துடைத்தேன். சிராய் குத்தக்கூடாதென்று உப்புத்தாளால் தேய்த்தேன். கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

குடில் அழகாக அமைந்தது. கட்டையைப் படுக்க வைத்து, பொந்தின் வாய் முன்னால் தெரியும்படி வைக்கோலைப் பரப்பினோம். சில நாட்களில் பொந்தின் விளிம்பில் வெண்மையாக ஒட்டடை படிந்திருப்பதைப் பார்த்தேன். துடைக்கப் போன என்னைக் கணவர் தடுத்தார். "விடு, நிஜ மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கு." மதிப்பெண் போட வந்தவர்களும் அதைத்தான் மெச்சினார்கள். ஒரு பெரியவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "ஒட்டடையைக்கூட எவ்வளவு இயற்கையா செஞ்சிருக்காங்க பாருங்க!" என்றார். எங்களுக்கு இரண்டாம் பரிசு. மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்று கொடுத்தார்கள். அந்த மாதம் சமையலறையில் கரப்பான் நடமாட்டம் குறைந்திருந்தது. மூலையில் வைத்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள் குடிலைப் பிரிப்பது எங்கள் வழக்கம். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள அலுவலகத்துக்குப் போய்விட்டார். காலையில் மகளுக்கு இட்லி ஊட்டிவிட்டு, ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்து அவளிடம் கொடுத்தேன். ஒட்டகம், மாடு, இடையர், ராஜாக்கள். அவள் அவற்றைத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்துத் தட்டித் தூங்கவைத்தாள். கடைசியாகக் கட்டைக்குப் பின்னால் இருந்த வைக்கோலை அள்ளினேன்.

வைக்கோலோடு ஒரு எட்டுக்கால் பூச்சி வந்தது.

அது என் உள்ளங்கையை நிறைக்கும் அளவு இருந்தது. கால்களில் அடர்த்தியாக முடி. நான் போட்ட சத்தத்தில் மகள் அழ ஆரம்பித்தாள். கீழ் வீட்டு அக்கா துடைப்பத்தோடு மாடியேறி வந்துவிட்டார். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். வாசலில் இட்லி மாவு விற்பவர். எங்கள் ஆறு வீட்டுக்கும் அவசர உதவி எண் அவர்தான்.

"இன்னாமா கூவுற? பாம்பு கீம்பு வந்துகிச்சா?"

நான் சோபாவின் மேல், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கையால் காட்டினேன். அக்கா துடைப்பக்கட்டையால் அதை ஒரு தள்ளு தள்ளினார். அது காய்ந்த சருகு போல நகர்ந்தது. அசைவில்லை.

"ஐய! செத்துக் கீதுமா. இதுக்கா ஊட்டையே தூக்கி நிறுத்துன?"

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. உடனே போனை எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன்: 'வீட்டில் பெரிய சிலந்தி. செத்துவிட்டது. பயப்பட வேண்டாம்.' படமும் அனுப்பினேன். பிறகு மகளை அக்காவிடம் கொடுத்துவிட்டு, இடுக்கியால் அதைத் தூக்கினேன். அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. அவ்வளவு பெரிய உடம்புக்கு எடையே இல்லை. முதுகுப் பக்கத்தில் ஒரு தகடு, பல் தேய்க்கும் பேஸ்ட்டின் மூடி போலத் திறந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே எதுவும் இல்லை. கால்களும் காலுறை போல வெறும் உறைகள்.

"அக்கா, உள்ள காலியா இருக்கு."

"காலின்னா? எறும்பு துன்னுட்டு பூடுச்சா?"

என் கல்லூரித் தோழி ஒருத்தி வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறாள். சிலந்திகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி. விடுதியில் என் கட்டிலுக்குக் கீழே கண்ணாடிப் புட்டிகளை அடுக்கி வைத்து என் தூக்கத்தைக் கெடுத்தவள். தேர்வு வேலையாகக் கோவையில் இருந்தாள். வீடியோவில் கூப்பிட்டேன்.

"என்னடி, காலங்காத்தால?"

"ஒண்ணு காட்டறேன். இது என்ன பூச்சின்னு சொல்லு."

"சுவத்துல தட்டையா ஓடுமே, வெள்ளைக் காசு மாதிரி முட்டைப் பையத் தூக்கிட்டு, அதுதானே? எல்லா வீட்லயும் இருக்கும்டி. விடு."

கேமராவைத் திருப்பினேன். அவள் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. பிறகு அவள் குரலே மாறியது.

"அடியே. கையை ஆட்டாத. அந்தத் தகட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடி. நடுவுல சின்ன மேடு தெரியுதா? அதுல கண்ணு எத்தனை?"

ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். கடுகை விடச் சிறிய மேடு. அதில் நெருக்கியடித்துக்கொண்டு எட்டுக் கண்ணாடிப் புள்ளிகள். அவற்றின் வழியே காலை வெளிச்சம் வந்தது. மற்றச் சிலந்திகளுக்குக் கண்கள் முகத்தில் வரிசையாக, விரிந்து இருக்குமாம். இதற்கு ஒரே மேட்டில் கூட்டமாக.

"இப்போ பல்லு. ரெண்டு கொக்கி இருக்கும். ஒண்ணையொண்ணு இடுக்கி மாதிரிப் பார்க்குதா, இல்ல ரெண்டும் கீழ பார்க்குதா?"

"கீழ. பாம்புப் பல்லு மாதிரி."

"வயித்துத் தோல் சுருண்டு ஒட்டியிருக்கும். அதுல வெள்ளைத் திட்டு எத்தனை?"

"நாலு."

"அதுதான் மூச்சுப் பை. சாதாரணமா வீட்ல பார்க்கற சிலந்திக்கெல்லாம் ரெண்டுதான் இருக்கும்." அவள் மூச்சு வாங்கினாள். "டாரன்டுலாடி அது! உன் வீட்ல டாரன்டுலா!"

இடுக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஆனால் அது முழுக்கப் பயமில்லை என்று எனக்கே அப்போது தெரிந்தது. பள்ளியில் தேர்வு முடிவு பார்க்க ஓடும்போது இருந்த பரபரப்பு அது. முன்னங்காலின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னாள். இடுக்கியால் திருப்பினேன். கறுப்புக்கு நடுவே எலுமிச்சை மஞ்சளில் ஒரு பட்டை. மேலே பார்த்தால் சாம்பலும் பழுப்புமாக மரத்தோல் நிறம். கீழே புரட்டினால் இப்படி ஒரு மஞ்சள். யாரும் பார்க்காத இடத்தில் போய் இவ்வளவு அழகை வைத்திருக்கிறது. பாதங்களின் அடியில் மெத்து மெத்தென்று முடி, வெல்வெட் போல, திருப்பும்போது லேசாக மினுங்கியது.

"மரப்பொந்துல வாழற வகை. முன்கால்ல இந்த மஞ்சளை வச்சே சொல்லிடலாம். ஆனா இந்தக் குடும்பத்துல நம்ம பக்கத்துல சில வகை இருக்கு, எல்லாத்துக்கும் மஞ்சள் உண்டு. எதுன்னு தெரியணும்னா உயிரோட இருக்கறதோட அடிவயித்தைப் பார்க்கணும். தோல்ல அது தெரியாது."

"உயிரோட இருக்கறதா?"

"லூசு, இது செத்த பூச்சி இல்ல. சட்டை. பாம்பு உரிக்கற மாதிரி உரிச்சுப் போட்டிருக்கு. தோலைப் பொந்துக்கு வெளிய தள்ளிட்டு உள்ள இருக்கும்."

நான் கட்டையைப் பார்த்தேன். ஒட்டடை படிந்த அந்தக் கறுத்த வாய். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போய் வந்து, குழந்தை இயேசுவை என் மகள்தான் தன் கையால் அந்த வாயருகே படுக்க வைத்தாள். தினமும் அங்கேதான் ஆட்டுக்குட்டியை நிறுத்தி விளையாடினாள். அந்தப் பிஞ்சுக் கைக்கும் இந்தப் பல்லுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்குமா?

அக்காவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மகளை என்னிடம் தள்ளிவிட்டுத் துடைப்பத்தை ஓங்கினார். "அப்ப இதுக்குள்ள கீதா அது? தள்ளு நீ. அடுப்புல வெந்நி வெச்சிகினு வா. உள்ள ஊத்துனா ஒரே நிமிசம்."

"ஊத்தாதீங்க!" என்று போனிலிருந்து தோழி கத்தினாள். "அக்கா, ப்ளீஸ். சட்டை உரிச்ச உடம்பு ரொம்ப மென்மையா இருக்கும். பல்லுகூடப் பச்சையா, வெள்ளையா இருக்கும். அதால ஓட முடியாது, கடிக்க முடியாது, இரை தின்ன முடியாது. கட்டையைத் தூக்கி ஆட்டினாலே உடம்பு கிழிஞ்சிடும். உடம்பு இறுகுற வரைக்கும் அசையாமக் கிடக்கணும். பல்லு கறுத்தப்புறம் எங்க வேணா கொண்டுபோய் விடலாம்."

"அது ஆம்பளையா பொம்பளையா?" என்றார் அக்கா, திடீரென்று.

"தோலைப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா இந்த சைஸுக்குப் பொம்பளையாத்தான் இருக்கும்."

அக்கா துடைப்பத்தை இறக்கினார். என்னைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்.

"அப்ப பச்ச உடம்புக்காரின்னு சொல்லு."

என் பிரசவத்தின்போது என் அம்மா வர முடியாமல் போனது. முதல் வாரம் பூண்டுக் குழம்பும் பத்தியச் சோறும் கீழ் வீட்டிலிருந்துதான் மேலே வந்தன. பச்சை உடம்புக்காரி என்று சொல்லி என்னைக் குனியவிடவில்லை, தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை. அதே ஆள் இப்போது துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "பச்ச உடம்புக்காரிய ஊட்டை உட்டு துரத்துனா நல்லாவா இருக்கும்? ஒடம்பு தேறட்டும். அப்பாலிக்கா அனுப்பு" என்றார்.

அன்று அந்தச் சிலந்தி பிழைத்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

தோழி சொன்னபடி செய்தோம். குடில் பொம்மைகளை வருடம் முழுவதும் வைத்திருக்கும் பெரிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்தேன். திருப்புளியைச் சுடவைத்து மூடியில் ஓட்டைகள் போட்டேன். பொந்தின் வாயில் பழைய பருத்தித் துணியைச் சுருட்டி அடைத்து, நானும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதைப் போல, கட்டையைப் பெட்டிக்குள் இறக்கினோம். துணியை இடுக்கியால் உருவியது நான். உருவியதும் மூடியைச் சாத்தி நான்கு கொக்கியையும் போட்டேன். ஒரு தடவை போட்டால் எனக்குப் போதாது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். பிறகு அதைச் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் பால்கனியில், உயரமான அலமாரியில் வைத்துக் கதவைத் தாழிட்டேன். அதுவும் போதவில்லை. மகளுக்கு ஒரு வயது வரை பயன்பட்ட குடைக் கொசுவலையைப் பரணிலிருந்து எடுத்து அதன் மேல் கவிழ்த்தேன். நீல வலையில் சின்னச் சின்ன வாத்துகள்.

மாலையில் கணவர் வந்தார். வாத்து வலையைப் பார்த்தார். "செத்துப்போச்சுன்னுதானே மெசேஜ் போட்ட?"

"அது சட்டைதாங்க."

"பாதுகாப்புன்னு சொன்னியே."

இதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. பயந்திருந்தார். கட்டையைச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள காலி மனையில் போட்டுவிடலாம் என்றார். அங்கே குப்பையைக் கொளுத்துவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அலுவலகத்திலிருந்து வரும் வழியெல்லாம் போனில் படித்துக்கொண்டே வந்திருக்கிறார். "முடியை உதைச்சுக் காத்துல பறக்கவிடுமாம். கண்ணுல பட்டா பார்வையே போயிடுமாம்." தோழியைக் கேட்டேன். முடியைப் பறக்கவிடுவது அமெரிக்கக் கண்டத்து வகைகள். நம் பக்கத்து வகைகளுக்கு அந்த வித்தை கிடையாது. அதுவே ஓர் அடையாளம் என்றாள். ஆனால் கடித்தால் கடுமையாக வலிக்கும், தசை இழுத்துப் பிடிக்கும், குழந்தை பக்கத்தில் போகவே கூடாது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். படத்தை எந்தக் குழுவிலும் போடாதே, இடத்தைச் சொல்லாதே என்றாள். இவற்றைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்களாம்.

நான் செய்வது சரிதானா? தாழ்ப்பாளைச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வந்தது. மழையில் பள்ளி உண்டா இல்லையா என்று தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருப்பவள் நான். காய்ச்சல் மருந்தை அளவுக் கோப்பையில் ஊற்றிவிட்டு மறுபடி அளப்பவள். அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு விஷப்பூச்சியை வலை போட்டுப் பாதுகாக்கிறேன். அது ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், மகளின் கை கால்களைப் பார்த்துவிடுவேன். பார்த்த பிறகு பால்கனிக்கு ஓடுவேன். உண்மையாகவே ஓடுவேன். காலையில் எழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவதாக ஒன்று கிடைத்து எத்தனை நாளாயிற்று!

பகலில் மகள் தூங்கும்போது, தோலைச் சோதித்தோம். 'சோதித்தோம்' என்பது பெரிய வார்த்தை. எவர்சில்வர் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு. சுருண்டிருந்த வயிற்றுத்தோல் மெல்ல மெல்ல அப்பளம் ஊறுவதைப் போல விரிந்தது. போனில் தோழி. பக்கத்தில் அக்கா, மூக்குத்தி தட்டில் படும் அளவுக்குக் குனிந்துகொண்டு. ஊசிமுனையால் நான் பிரித்தேன். மேல் இரண்டு வெள்ளைத் திட்டுகளுக்கு நடுவே, உட்பக்கமாக, நகக்கண் அளவில் ஒரு மடிப்பு.

"இருக்கு! அந்த மடிப்பு இருந்தா பொண்ணு. ஆணுக்கு இருக்காது" என்றாள் தோழி.

"நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் அக்கா. அவர் எதுவும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தார். ஆனால் அன்று முதல் அது அவருடைய பொறுப்பாகிவிட்டது. "பத்தியம் இன்னா குடுக்குற?"

"ஒண்ணும் குடுக்கக் கூடாதுக்கா. இப்போ சாப்பிடாது. ஒரு மூடியில தண்ணி மட்டும்."

"வெறும் தண்ணியா? பாவம். சாம்பிராணி காட்டலாமா?"

"ஐயோ, புகை பட்டாச் செத்துடும்."

"செரி செரி, கத்தாதே. அதுக்குக் கேக்கப் போவுது."

மகளுக்கும் ஏதோ தெரிந்திருந்தது. பால்கனிக் கதவின் கீழ் இடுக்கில் வாயை வைத்து, "பச்சைக்காரி, தூங்குனியா?" என்று கேட்பாள். நான் அவளை இழுத்துக்கொண்டு வருவேன். பிறகு கதவிடுக்கில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன். அந்த இடுக்கில் எலிக்குஞ்சு கூட நுழையாது. இருந்தாலும் வைத்தேன்.

முதலில் இரண்டு பாதங்களின் நுனி மட்டும் பொந்தின் விளிம்பில் தெரிந்தது. அதற்கே நான் கணவரை அலுவலகக் கூட்டத்தின் நடுவில் போனில் கூப்பிட்டுவிட்டேன். அடுத்து ஒரு காலையில் டார்ச் வெளிச்சத்தில் பல் தெரிந்தது. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, செங்கல் நிறம். "இன்னும் இறுகலை. பொறு" என்றாள் தோழி. கணவர் நாட்காட்டியைப் பார்த்தார். "எப்பதான் கறுக்கும்?" அவர் ஒவ்வொரு மாலையும் கேட்கும் முதல் கேள்வி அதுவாயிற்று. முதலில் எரிச்சலாகக் கேட்டார். பிறகு என்னோடு வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் டார்ச் அடிக்க, அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். மழலை வகுப்புக் கட்டணம், மாதத் தவணை தவிர வேறு எதற்காகவும் நாங்கள் இப்படித் தலையோடு தலை முட்டிக்கொண்டு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தக் காலையும் அப்படித்தான் வலையைத் தூக்கினேன். பொந்தில் ஒன்றும் இல்லை. கொக்கிகளைப் பார்த்தேன், நான்கும் போட்டபடி இருந்தன. பிறகுதான் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கச் சுவரில், என் முகத்துக்கு நேராக, என் முகமளவு விரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அடிப்பக்கம் முழுவதும் என் பக்கம் திரும்பியிருந்தது. தோலில் பார்த்த மஞ்சள் ஒன்றுமே இல்லை என்றாக்கும் மஞ்சள், முன்னங்கால்களில். பின்னங்கால்களின் அடியில் நீலம் கலந்த சாம்பல். கறுத்த அடிவயிற்றின் குறுக்கே, அரைஞாண் கட்டியதைப் போல, வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பட்டை. மஞ்சளுக்கு நடுவே இரண்டு பற்கள். நாவற்பழம் போலப் பளபளவென்று கறுப்பு.

"ஏங்க! கறுத்துடுச்சு! வாங்க, கறுத்துடுச்சு!"

வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடிவந்தார். நான் அவசரத்தில் எடுத்த படம் முழுக்க மங்கல். அவர்தான் நல்ல படமாக எடுத்து அனுப்பினார். உடனே போன் அடித்தது. தோழி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"பட்டை இருக்குடி! அந்தக் குறுக்குப் பட்டைதான் அடையாளம். பொயிசிலோதீரியா ரெகாலிஸ். எத்தனை மரத்துல ஏறி இறங்கியிருக்கேன் இதைத் தேடி! நீ துணி காயப்போடற எடத்துல வச்சுப் பார்க்கற."

ரெகாலிஸ் என்றால் அரச குலம் என்று பொருளாம். மகளிடம் சொன்னேன். "நாலாவது ராஜாவா?" என்றாள். "ராணி" என்றேன்.

தோழி கோவையிலிருந்து திரும்பியதும், வனத்துறையில் தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லிவிட்டு ஓர் இடம் பார்த்தாள். மரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமே போய்ச் சேர வேண்டும் என்றாள். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கிளம்பினோம். அது பொந்துக்குள் திரும்பியிருந்த நேரத்தில் வாயைத் துணியால் அடைத்து, மூடியைச் சாத்தி, பெட்டியைப் பெரிய வயர் கூடையில் இறக்கி, மேலே என் பழைய புடவையைப் போர்த்தினேன். வாசலில் அக்கா நின்றிருந்தார். கூடையின் மேல் கொஞ்சம் திருஷ்டி கழிப்பது போலக் கையைச் சுற்றி, நெட்டி முறித்தார். "பத்திரமா இட்டுகினு போ. ஆட்டாதே."

ஆவடியில் தோழியும் ரயிலில் ஏறிக்கொண்டாள். மகள் கணவர் மடியில், ஜன்னலோரம். கூடை என் மடியில், எதிர் ஜன்னலோரம். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று முன்தினமே முடிவு செய்திருந்தேன். எதிரே பூக்கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்தார். என் புடவைப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, மடிலயே வெச்சிகினு வர? கோழியா?"

"இல்லீங்க. கட்டை."

"கட்டைக்கு எதுக்குப் புடவை?"

தோழி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள். நான் புடவையை இழுத்துச் சரிசெய்தேன். மகள் உரக்கச் சொன்னாள்: "உள்ள பச்சைக்காரி தூங்குறா!"

பூக்காரப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு முழம் கதம்பத்தை நறுக்கி, கூடையின் கைப்பிடியில் சுற்றிவிட்டார். "சாமி சமாச்சாரமா? முன்னாலயே சொல்றதுக்கு இன்னா?" காசு வாங்க மறுத்துவிட்டார்.

திருத்தணியிலிருந்து ஆட்டோவில் போய், பிறகு நடந்தோம். தோழி பார்த்து வைத்திருந்தது பொந்துகள் விழுந்த ஒரு முதிய மரம். பெயரைக் கேட்டு மறந்துவிட்டேன். எனக்கு அப்போது எதுவும் காதில் ஏறவில்லை. கணவரும் மகளும் தள்ளி நின்றார்கள். தோழியும் நானும் கட்டையை மரத்தோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினோம். "துணியை நீயே எடு" என்றாள். இடுக்கியை மறக்காமல் கொண்டுவந்திருந்தேன். உருவிவிட்டுப் பின்னால் வந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வழியில் ஆடிய ஆட்டத்தில் ஏதாவது ஆகியிருக்குமோ? கூடையை மடியில் வைத்ததற்குப் பதில் கையிலேயே பிடித்திருக்க வேண்டுமோ? தோழி என் கையைப் பிடித்தாள்.

ஒரு கால் வந்தது. பட்டையைத் தொட்டுப் பார்த்தது. இன்னொரு கால். பிறகு, நான் நினைத்ததைவிடப் பல மடங்கு வேகத்தில், மொத்த உடம்பும் வெளியே வழிந்து மரத்தில் ஏறி நின்றது. நின்றதும் காணாமல் போய்விட்டது. எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. முதுகில் இருந்த இலை போன்ற கோலமும் கால்களின் சாம்பலும் மரத்தோலோடு மரத்தோலாகிவிட்டன. இத்தனை நாள் டார்ச் அடித்துப் பார்த்த என் கண்ணுக்கே தெரியவில்லை.

"எங்கம்மா?" என்றாள் மகள், அப்பாவின் தோளிலிருந்து.

"அதோ" என்றேன். அந்த நேரம் அது நகர்ந்தது. ஒரு முன்னங்கால் தூக்கலில் அந்த மஞ்சள் ஒரே ஒருமுறை மின்னியது. பிறகு மேலே இருந்த பொந்துக்குள் போய்விட்டது. நான் கைதட்டினேன். யாரும் தட்டாதபோது நான் மட்டும் தட்டினேன்.

அந்தச் சட்டை எங்களிடம் இருக்கிறது. குடில் போட்டியில் கிடைத்த சம்படத்தில், பஞ்சின் மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூடி இறுகப் பொருந்துகிற சம்படம். நன்றாகவே சோதித்துவிட்டேன்.

அன்று மாலை வெறும் கூடையோடு திரும்பியபோது, அக்கா வாசலில் மாவுக் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கூடையைப் பார்த்தார்.

"ஊடு போய் சேந்துட்டாளா?"

"சேர்ந்துட்டா அக்கா. தானா ஏறிப் போனா. என்னா வேகம் தெரியுமா?"

"தேறிட்டான்னு சொல்லு." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "செரி, நீ இன்னா துன்ன? காலைலர்ந்து வெறும் வயித்தோடதான சுத்திகினு கீற? வா, தோசை ஊத்தறேன்."